மலைப் பூவரசும் அதன் தாயாதியும்

ஆர்.எஸ்.புரத்துக் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் வன மியூசியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கலிபோர்னியாவிலிருந்து வந்த சிநேகிதர், "எங்கள் மட்ரோன் மரம் உங்கள் பக்கம் உண்டா?" என்று கேட்டார். மட்ரோன் இல்லை, அதன் தாயாதி உண்டு என்றேன். நீலகிரியின் காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், அதே எரிகேசிக் குடும்பம்தான். மட்ரோனுக்குப் பட்டை உரிந்து வழவழக்கும். நம் மரத்துக்கோ தடித்த, வெடித்த பட்டை. புல்வெளித் தீயை அதனால்தான் தாங்கிக்கொள்கிறது.

பேர் வைத்த கதைதான் வேடிக்கை. இமயமலை மரத்துக்கு 1805-இல் ஸ்மித் 'ஆர்போரியம்' என்று பேரிட்டார். நீலகிரியில் இருந்த பாதிரியார் ஷ்மிட் உலர்த்தி அனுப்பிய கிளைகளைக் கொண்டு, ஜெர்மனியிலுள்ள ஜெனாவில் இருந்தபடியே ஸெங்கர் 1836-இல் நம் மரத்தைத் தனி ஜாதி என்றார். 1882-இல் கிளார்க், 'ஆர்போரியத்தின் ஒரு ரகமே' என்று இறக்கினார். 1930-இல் டாக் உபஜாதியாக்கி அரைப்படி ஏற்றினார்.

இது பண்டிதர் சண்டை என்று தள்ளிவிடலாம். ஆனால் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் சோலையையும் புல்வெளியையும் பறிகொடுத்த மலை இது. தனி ஜாதியானால், இது போனால் உலகத்திலேயே போயிற்று. ரகம் என்றால், 'இமயத்தில்தான் ஏராளம் இருக்கிறதே!' என்று சொல்லிக் கோடரியைத் தூக்கலாம்.

இதைச் சொன்னதும் சிநேகிதர் இலையைக் காட்டச் சொன்னார். மறுநாளே ஊட்டிக்குப் பஸ் ஏறினோம். இலையைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். அடிப்பக்கம் பழுப்பு வெல்வெட்டாக இருந்தது.