மழைநீர் எங்கே செல்ல வேண்டும்? மதீனாவின் துஆவும் கைரவானின் குளங்களும்

மதீனாவில் ஒரு ஜும்ஆ நாள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, கால்நடைகள் மடிவதை எடுத்துரைத்து, மழைக்காகத் துஆ செய்யுமாறு வேண்டினார். நபியவர்கள் கைகளை உயர்த்தினார்கள், மழை இறங்கியது. அடுத்த ஜும்ஆ வரை அது ஓயவில்லை. வீடுகள் இடிகின்றன என்ற முறையீடு வந்தபோதும் மழையே வேண்டாமென்று நபியவர்கள் கேட்கவில்லை. குன்றுகளின் மீதும், ஓடைகளின் மடியிலும், மரங்கள் முளைக்கும் நிலங்களிலும் அது பொழியட்டும் என்றே இறைஞ்சினார்கள். ஊரின் மேல் வானம் தெளிந்தது. கனாத் ஓடையோ ஒரு மாத காலம் ஓடியது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்வு புகாரியில் பதிவாகியுள்ளது.

மழை ஓர் அருட்கொடை. அதற்குரிய இடம் கிடைக்காதபோது அதுவே துன்பமாகிறது. அந்தத் துஆவிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே. நம் முன்னோர் இதை நகர அமைப்பிலும் கடைப்பிடித்தனர் என்பதற்கு வடஆப்பிரிக்காவின் கைரவான் நகரம் சான்றாக நிற்கிறது.

இன்றைய துனீசியாவில் உள்ள இந்நகரை ஹிஜ்ரி 50ஆம் ஆண்டில் (கி.பி. 670) உக்பா இப்னு நாஃபிஃ (ரஹ்) நிறுவினார். மழை குறைந்த சமவெளி அது. பெய்யும்போதோ ஓடைகளில் வெள்ளம் பாய்ந்து வரும். அக்லபிய ஆட்சியாளர் அபூ இப்ராஹீம் அஹ்மத் காலத்தில், 860ஆம் ஆண்டையொட்டி, நகருக்கு வெளியே இரு குளங்கள் கட்டப்பட்டன. சுமார் 37 மீட்டர் விட்டமுள்ள சிறிய குளத்தில் நீர் முதலில் வந்து சேரும். அங்கே அதன் வேகம் தணியும். மண்ணும் வண்டலும் அடியில் படியும். தெளிந்த நீர் மட்டும் மேற்புறத் திறப்பின் வழியே சுமார் 128 மீட்டர் விட்டமுள்ள பெரிய குளத்தை அடையும். ஊரை அழிக்கக்கூடிய வெள்ளம் இவ்வாறு ஊரின் குடிநீராயிற்று.

அந்நகரின் பெரிய பள்ளிவாசலிலும் இதே முறைதான். விரிந்த முற்றம் நடுவை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அங்குள்ள சலவைக்கல் வடிகாலில் படிப்படியாகச் செதுக்கிய குழிவுகள் தூசியைப் பிடித்துக்கொள்ள, மழைநீர் கீழிருக்கும் தொட்டியில் இறங்கும். அத்தொட்டிக்கு மேலுள்ள கிணற்று வாய்களில் கயிறு உராய்ந்து உண்டான பள்ளங்களை இன்றும் காணலாம்.

வேகத்தைத் தணித்தல், கசடைப் படியவைத்தல், பிறகு பயன்படுத்துதல் என்ற அதே ஒழுங்கைச் செடிகளையும் மண்ணையும் கொண்டு செய்யும் முறையொன்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் உருவானது. ‘மழைத்தோட்டம்’ என்று அதனைச் சொல்லலாம். அரை அடி முதல் ஓரடி வரை நீர் தேங்கும் பள்ளம். அதில் மணல் மிகுந்த மண். மேலே நீரையும் வறட்சியையும் தாங்கும் செடிகள். கூரையிலும் சாலையிலும் விழுந்த நீர் இதில் இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கையும் உலோகத் துகள்களையும் மண் பிடித்துக்கொள்கிறது. வேர்கள் மண்ணை இறுகாமல் காக்கின்றன. ஓரிரு நாள்களில் நீர் வடிந்துவிட வேண்டும் என்பதே விதி. ஆகவே கொசு வளர அவகாசமில்லை.

இந்த ஒழுங்கை மறந்த நகரம் என்ன ஆகும் என்பதை ஜித்தாவில் கண்டோம். 2009 நவம்பர் 25, ஹஜ் தொடங்கும் துல்ஹஜ் பிறை 8 அன்று, சில மணி நேரத்தில் 70 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஓடைகளின் தடத்தில் வீடுகள் எழுந்திருந்தன. போதிய மழைநீர் வடிகால் இல்லை. 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015 டிசம்பரில் சென்னை பட்ட துயரமும் நம் நினைவை விட்டு அகலவில்லை.

பெருவெள்ளத்தை ஒரு மழைத்தோட்டம் தடுத்துவிடாது; அதற்கு ஏரிகளும் சதுப்புநிலங்களும் காக்கப்பட வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பலமுறை பெய்யும் சாதாரண மழையில் தெரு முழங்காலளவு நீரில் நிற்பதற்கு நம் முற்றங்களும் காரணமாகின்றன. தூய்மை கருதிப் பள்ளிவாசல் வளாகத்தைச் சுவர் முதல் சுவர் வரை சிமெண்டாலும் டைல்ஸாலும் மூடுகிறோம். மாடி நீரைக் குழாய் வழியே தெருவில் விடுகிறோம். அது தாழ்ந்த பகுதியிலிருக்கும் ஏழையின் வாசலில் போய் நிற்கிறது. கூரைக் குழாயின் நீர் வழிப்போக்கருக்குத் தீங்கு தரலாகாது என்பதையும் ஆராய்ந்தவர்கள் நம் ஃபிக்ஹு அறிஞர்கள். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமா அல்லவா என்ற வேறுபாடும் இதில் இல்லை.

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். சட்டத்துக்காக ஒரு குழாயைப் பதிப்பதோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை. ஜமாஅத் நிர்வாகத்தினர் அடுத்த முறை தளம் போடும் முன் ஒரு மூலையை மண்ணாகவே விட்டு, சற்றுப் பள்ளமாக்கி, வெட்டிவேரும் கல்வாழையும் நடலாம். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி அமைப்பது நன்று. பிள்ளைகள் மழைக்கு முன் சருகுகளை அகற்றட்டும். செடி நடுவதும் தர்மமே என்று நபிகளார் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

நம்மீது இறங்கும் அருளைப் பிறர்மீது துன்பமாகத் தள்ளிவிடாத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.