கைகளுக்கான நிரப்பு ஊசி: செலுத்திக்கொள்ளும் முன் அறிய வேண்டியவை

வயது கூடும்போது புறங்கைத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு குறைந்து, தோல் மெலிகிறது. இதனால் இரத்த நாளங்களும் தசைநாண்களும் புடைத்துத் தெரிகின்றன. மாமல்லபுரம் கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்வோர், சிற்பிகள் போன்று நெடுநேரம் வெயிலில் உழைப்போருக்கு இம்மாற்றம் முன்னதாகவே தோன்றலாம். இது நோயன்று, சிகிச்சை கட்டாயமுமன்று.

நிரப்பு ஊசி என்றால் என்ன?

தோலுக்கு அடியில் கூழ் போன்ற பொருளைச் செலுத்திப் பள்ளங்களை நிரப்பும் முறை இது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புறங்கைக்கு கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் வகையை 2015-லும், ஹையலுரானிக் அமில வகையை 2018-லும் ஏற்றது. இரண்டாம் வகையை ஹையலுரானிடேஸ் என்னும் மருந்தால் கரைக்க இயலும். முதல் வகையை அவ்வாறு கரைக்க இயலாது. பலன் நிலையானதன்று. கரும்புள்ளிகள் இதனால் மறைவதில்லை.

முதலில் காரணத்தை அறியுங்கள்

கை மெலிவதற்கு முதுமை மட்டுமே காரணமன்று. பின்வருவன இருப்பின் ஊசியைத் தவிர்த்து மருத்துவரை அணுகவும்:

• ஒரு கையில் மட்டும் மெலிவு
• கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பள்ளம்
• மரத்துப்போதல், உணர்ச்சியற்ற தேமல்
• பிடிமானம் தளர்தல், சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்குதல்

இவை நரம்புப் பாதிப்பு அல்லது தொழுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பள்ளத்தை ஊசியால் நிரப்பினால் அறிகுறி மறையும், நோய் தொடரும். சிகிச்சை தாமதமானால் ஊனம் நிலைத்துவிடக்கூடும். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவையும் அணுகலாம்.

பக்க விளைவுகள்

வீக்கம், வலி, கன்றிப்போதல், அரிப்பு ஆகியன பொதுவானவை. சில நாட்கள் விரல்களை மடக்குவது கடினமாகலாம். கைத்தொழில் செய்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். கட்டிகள், தொற்று ஆகியனவும் ஏற்படலாம். மருந்து தவறுதலாக இரத்த நாளத்தினுள் சென்றால் திசு அழுகக்கூடும். கடும் வலி, தோல் வெளிறுதல் அல்லது நீலம் பாரித்தல் தென்பட்டால் உடனே 108-ஐ அழைக்கவும்.

நினைவில் கொள்க

• தகுதி பெற்ற தோல் நோய் அல்லது ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் மட்டுமே செலுத்திக்கொள்ளவும். அழகு நிலையங்களில் கூடாது.
• இணையத்தில் வாங்கித் தாமே செலுத்திக்கொள்ளுதல் ஆபத்தானது. திரவ சிலிக்கான் ஊசியை ஏற்க வேண்டாம்.
• மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைக்கவும்.
• கர்ப்பம், தாய்ப்பாலூட்டல், ஒவ்வாமை, கையில் புண், முடக்குவாதம், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்கவும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வெயிலில் செல்லும்போது கைகளை மூடுவதும், சூரியக் கதிர்த் தடுப்புக் களிம்பு பூசுவதும் அனைவருக்கும் உகந்த பாதுகாப்பு. ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.