பச்சை மண்ணுல விரிசல்

எங்க விருத்தாசலம் பீங்கான் ஊரு. பொம்மையோ, ஃபியூஸ் கேரியரோ, மயிரிழை விரிசல் இருந்தா பச்சை மண்ணா இருக்கும்போதே கண்டுபிடிச்சிடணும். மண்ணைக் கரைச்சு மறுபடி செஞ்சுக்கலாம். சூளையில வெந்து வந்துட்டா அப்புறம் குப்பைமேடுதான்.

பெருங்குடல் புற்றுநோயும் பெரும்பாலும் இப்படித்தான். குடலோட உள்சுவர்ல பாலிப்னு சின்னதா ஒரு சதை முளைக்கும். அதுல அடினோமாங்கற வகை பல வருஷம் மெதுவா வளர்ந்து, சிலது மட்டும் புற்றா மாறும். எது மாறும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால கண்ணுல பட்டதை எடுத்துடறாங்க.

ஆனா கண்ணுல படணுமே! வளைஞ்சு வளைஞ்சு போற குடலுக்குள்ள எப்படிப் பார்க்கறது? இதுக்கு வழி திறந்தவங்கள்ல நம்மாள் ஒருத்தர் இருக்கார். பஞ்சாப்ல மோகாவுல பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன்ல ஹெரால்ட் ஹாப்கின்ஸோட சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாக் கட்டி, வளைவு தாண்டியும் படத்தைக் கடத்தலாம்னு 1954ல எழுதினார். (கண்ணாடி எங்க பீங்கானுக்குப் பங்காளிதான், அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை :-)) 1957ல பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அதை வெச்சு இரைப்பையைப் பார்த்தார். 1969ல நியூயார்க்ல வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் குழாய் வழியாவே கம்பிச் சுருக்கு போட்டுப் பாலிப்பை அறுத்து எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி உள்ளே ஆழத்துல இருக்கற பாலிப்பை எடுக்கணும்னா வயித்தைக் கிழிக்கணும்.

1993ல அமெரிக்க தேசிய பாலிப் ஆய்வு வந்துச்சு. அடினோமாவை எடுத்தவங்களுக்கு, எதிர்பார்த்ததை விட 76லேர்ந்து 90 சதவீதம் வரைக்கும் புற்று குறைஞ்சிருந்தது. அவ்வளவுதான், ஜெயிச்சாச்சுன்னு நெனச்சாங்க.

இங்கதான் கதை சூடு பிடிக்குது. 1997ல டக்ளஸ் ரெக்ஸ் குழுவினர் ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவை கொலோனோஸ்கோபி செஞ்சு பார்த்தாங்க. முதல் தடவையில 24 சதவீத அடினோமா தப்பிச்சிருந்தது! பெருசு அவ்வளவா தப்பல, பொடிசுதான் நழுவியிருக்கு. அப்ப கருவி மட்டும் போதாது, பார்க்கற கண்ணு எப்படின்னு கேட்க வேண்டியதாப் போச்சு.

குழாய் உள்ளே போறப்ப இல்ல, வெளியே இழுக்கறப்பதான் சுவரை ஒழுங்காப் பார்ப்பாங்க. 2006ல அமெரிக்காவுல ராக்ஃபோர்ட் நகரத்துல 12 டாக்டர்களோட சோதனைகளைக் கணக்குப் போட்டாங்க. சராசரியா 6 நிமிஷத்துக்குக் குறைவா இழுத்தவங்க 11.8 சதவீதம் பேர்கிட்ட அடினோமா கண்டுபிடிச்சாங்க. 6 நிமிஷமோ அதுக்கு மேலயோ எடுத்துக்கிட்டவங்க 28.3 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல!

சோதனை செஞ்ச நூறு பேர்ல எத்தனை பேர்கிட்ட அடினோமா கிடைச்சுதுங்கறதை ஒரு டாக்டரோட மதிப்பெண்ணாவே வெச்சாங்க. 2010ல போலந்து ஆய்வு ஒண்ணு, மதிப்பெண் 20க்குக் கீழ இருந்தவங்ககிட்ட 'ஒண்ணுமில்ல'ன்னு போனவங்களுக்கு, அடுத்த சோதனைக்கு முன்னாடியே புற்று வர்ற ஆபத்து பத்து மடங்குக்கு மேலன்னு காட்டுச்சு. 2014ல கலிஃபோர்னியாவுல மூணு லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகளைப் பார்த்ததுல, டாக்டர்களோட மதிப்பெண் 7.4லேர்ந்து 52.5 வரைக்கும் பரவிக் கிடந்தது. ஒவ்வொரு மதிப்பெண் ஏறறப்பவும் புற்று ஆபத்து 3 சதவீதம் குறைஞ்சுது. அமெரிக்காவுல 2002ல ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 15னு வெச்ச இலக்கு, 2024ல மொத்தமா 35னு ஏறிடுச்சு.

இப்ப கம்ப்யூட்டரும் திரையில கட்டம் போட்டு 'இங்க பாரு'ங்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா 2025ல மறுபடி போலந்துலேர்ந்து ஒரு சேதி: அதுக்குப் பழகின டாக்டர்கள் அது இல்லாம செஞ்ச சோதனைகள்ல, கண்டுபிடிப்பு 28.4லேர்ந்து 22.4 சதவீதமா இறங்கிடுச்சாம். ஒரே ஒரு ஆய்வுதான், ஆனாலும் உறுத்துது.

நம்ம பக்கம் எப்படி? பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம்' விளம்பரம். ரத்தம் போனா மூலம்னு முடிவு பண்ணி நாட்டு மருந்து சாப்பிடறதுதான் வழக்கம். நம்ம தேசியத் திட்டம் முன்கூட்டியே தேடற புற்றுகள் மூணு: வாய், மார்பகம், கருப்பை வாய். மேலை நாடுகளை விட இங்க பெருங்குடல் புற்று குறைவு, செலவும் ஜாஸ்தி, அதனால பாலிப் தேடறது அதுல இல்ல.

ஆனா பச்சை மண்ணுலயே விரிசல் பார்க்கற வேலையை நம்ம தமிழ்நாட்டுலயே செஞ்சு காட்டியிருக்காங்க, குடல்ல இல்ல, கருப்பை வாய்ல. 2000லேர்ந்து 2003 வரைக்கும் திண்டுக்கல் மாவட்டத்துல 30-59 வயசுப் பெண்கள் 31,343 பேரைப் பயிற்சி பெற்ற நர்சுகள் சோதிச்சாங்க. கருவி? வினிகர் மாதிரி நீர்த்த அசிட்டிக் அமிலமும் வெறுங்கண்ணும்! அமிலம் பட்டு வெளுத்தா சந்தேகம். லியோன்ல இருக்கற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தோட டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் குழுவினர் 2007ல முடிவை வெளியிட்டாங்க. சோதனை நடந்த பகுதிகள்ல, மத்த பகுதிகளை விடப் புற்று 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு. புற்றுக்கு முந்தின நிலை 1,874 பெண்கள்கிட்ட இருந்தது. அதுல சிகிச்சை எடுத்துக்கிட்டவங்க 72 சதவீதம். மிச்சம் 28 சதவீதம் பேர்கிட்ட விரிசலைக் கண்டுபிடிச்சும் சிகிச்சை போய்ச் சேரல.