பிறப்பால் சேர்ந்தவர்களும் பத்திரத்தால் சேர்ந்தவர்களும்

தமிழ்நாட்டில் இருவர் சேர்ந்து வீடோ மனையோ வாங்கும்போது எழுதப்படும் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை இருக்கும். சொத்து விற்பவருக்கு வந்த வழி இருக்கும். பின்னால் வில்லங்கம் முளைத்தால் அவரே தம் செலவில் தீர்த்துத் தருவார் என்ற உறுதிமொழியும் இருக்கும். வாங்குகிற இருவரில் யாருக்கு எவ்வளவு பாகம் என்ற வரி மட்டும் பெரும்பாலும் இராது. இந்த மௌனம் எழுத்தரின் கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. கூட்டுரிமை என்றாலே பிறப்பால் வருவது என்று கொண்ட நம் சட்ட மரபே இதற்கு வேர் என்பது என் வாதம்.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இம்மௌனத்தை ஓரளவு நிரப்புகிறது. ஐம்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒருவர் முப்பதும் மற்றவர் இருபதும் தந்திருந்தால் பாகம் மூன்றுக்கு இரண்டு. யார் எவ்வளவு தந்தார் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி என்று கொள்ளப்படும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வங்கிக் கடனில் இருவரும் கையெழுத்திட்டு, தவணையை ஒருவரே கட்டியிருந்தால் விலையைத் தந்தவர் யார்? அந்தக் கேள்வியே தனி வழக்காக வளரும்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று தம்பதியரிடையே பரவலாக உண்டு. இருவர் பெயரிலும் வாங்கினால், ஒருவர் இறந்ததும் வீடு முழுவதும் மற்றவருக்கே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வங்கிக் கணக்கில் பழகிய ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ ஏற்பாடு இந்த நம்பிக்கையை வளர்த்திருக்கலாம். ஆங்கிலேயச் சட்டத்தில் எஞ்சியவருக்கே சேரும் கூட்டுரிமை உண்டு. இந்துக் கூட்டுக்குடும்பத்துக்கு வெளியே அவ்வகை உரிமையை இந்துச் சட்டம் அறியாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1896இலேயே கூறிவிட்டது. தெளிவான வாசகம் இல்லாதவரை நம் பத்திரங்கள் தனித்தனிப் பாகங்களையே தருகின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். சரிபாதியாக வாங்கிய வீட்டில் கணவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரு பிள்ளைகள், தாய் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாதி நால்வருக்கும் சமமாகப் பிரியும். மனைவியிடம் இருப்பது எட்டில் ஐந்து. மாமியாரிடம் எட்டில் ஒன்று. அவரும் உயிலின்றி மறைந்தால் அந்தப் பாகத்தில் கொழுந்தனாரும் நாத்தனாரும் சேர்ந்துவிடுவார்கள். கணவர் எழுதியிருக்கக்கூடிய ஒரு பக்க உயில் இதைத் தடுத்திருக்கும்.

உடன்பிறந்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் வேறு ஆபத்து. கூட்டுரிமையாளர் எவரும் தம் பாகத்தை மற்றவரைக் கேளாமல் அந்நியருக்கு விற்கலாம். பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீடாக இருந்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பாகம் வாங்கிய அந்நியர் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டாலும், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி அவருடைய பாகத்தை மதிப்பிட்டுக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். சேமிப்பைச் சேர்த்து வீடு வாங்கிய இரு தோழிகளுக்கு இந்தக் காப்பு கிடையாது. பிரிக்க இயலாத வீடு என்றால், பாதி அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் கேட்டு, நீதிமன்றமும் அதுவே நன்மை என்று கருதினால், முழு வீடும் விற்பனைக்குப் போகும். மற்றவர் மதிப்பீட்டு விலைக்கு வாங்க முன்வரலாம். அதற்கான பணம் அப்போது அவர் கையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே சட்டம் தராத காப்பை ஒப்பந்தம் தர வேண்டும். என்றென்றைக்கும் பிரிக்கவே கூடாது என்று எழுதினால் அது நிற்காது. விற்பதானால் முதலில் மற்றவருக்கே தர வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை நிற்கும். கூட்டுப் பங்காளிகளுக்கிடையே அமைந்த அத்தகைய உடன்படிக்கை செல்லும் என்றும், பின்னால் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்றும் 1967ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. அதைப் பதிவு செய்த பத்திரத்திலேயே சேர்த்துவிட்டால், எனக்குத் தெரியாது என்று பின்னால் வாங்கியவர் தப்புவது கடினம். மதிப்பீட்டு முறை, பணம் தரக் கெடு, தவணை தவறினால் என்ன செய்வது என்பவற்றையும் அப்போதே எழுதிவிடலாம்.

நெருங்கியவர்களுக்குள் இதையெல்லாம் எழுதினால் மனம் நோகும் என்பார்கள். விலை ஏறிய பின்போ, ஒருவர் இறந்த பின்போ அவர் பிள்ளைகளோடு வாதாடுவது அதைவிட நோகடிக்கும். வாங்குவோர் ஒருவருக்கு மேற்பட்டால் ஒவ்வொருவரின் பாக அளவையும் பத்திரத்தில் குறிப்பதைப் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும்.