அடி விழாத வன்முறை

1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498அ பிரிவு, கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கியது. மனத்துக்கு விளையும் கேடும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் அது தண்டிக்கும் சட்டமாக இருந்தது. வெளியே தள்ளப்பட்டவளுக்குத் தங்க இடம் தரவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டமே உடல், பாலியல், சொல், உணர்வு சார்ந்த வன்முறைகளோடு பொருளாதார வன்முறைக்கும் பெயரிட்டது. வீட்டுச் செலவுக்குப் பணம் மறுப்பதும், அவள் நகையை விற்பதும் அதனுள் வந்தன. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் கிடைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் அவ்வுரிமையைக் கோர இயலாது என்றது. (நம் குடும்பங்களில் வீடு யார் பெயரில் இருக்கும் என்பதை அறியாதார் யார்?) அத்தீர்ப்பு சரியான சட்டமன்று என அந்நீதிமன்றமே கூற 2020 ஆயிற்று.