அக்டோபரில் மணாலி டிரிப்: பெட்டியில் என்னென்ன துணி எடுத்து வைக்கணும்?

சென்னையில் வேர்த்துக் கொட்டும்போது மணாலிக்குப் பெட்டி கட்டுவதுதான் சிக்கலே. குளிர் எப்படி இருக்கும் என்று கற்பனைகூடப் பண்ண முடியாது. அதனால் பலரும் செய்வது இதுதான்: இருப்பதிலேயே தடிமனான ஒரு ஸ்வெட்டர், மீதிக்கு வழக்கமான ஜீன்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும். அங்கே போனதும் பகலில் ஸ்வெட்டர் கையில் சுமையாகிவிடும், இரவில் அதே ஸ்வெட்டர் பத்தாது.

ஏன் இப்படி?

இமாச்சலில் இலையுதிர் காலம் என்பது பருவமழை விலகிய பிறகு வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள். வானம் பளிச்சென்று இருக்கும். மேகம் இல்லாததால் பகலில் வெயில் நேராக இறங்கும். அதே காரணத்தால்தான் இரவில் தரையின் சூடு தடையில்லாமல் வெளியேறிவிடுகிறது. மணாலியில் அக்டோபர் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும் வெப்பநிலை, இரவில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும்.

இதோடு உயரத்தையும் சேர்த்துக்கணும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், ரோத்தாங் கணவாய் 3,978 மீட்டர். சுமார் 50 கிலோமீட்டர் கார் பயணத்தில் 12 டிகிரி வித்தியாசம். அங்கே அடிக்கும் காற்று தனி.

ஒரே தடி ஸ்வெட்டர் வேண்டாம்

மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுவதுதான் இதற்கு வழி. உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜெர்கின். அடுக்குகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெயில் ஏறினால் ஒன்றைக் கழட்டலாம், நிழல் விழுந்தால் போட்டுக்கலாம்.

தெர்மலுக்கு உள்ளே காட்டன் பனியன் போடும் பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்கு விட்டுவிடுவது நல்லது. நம்ம ஊர் வெயிலுக்கு அருமையான காட்டன், மலையில் எதிரி. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஏறி நடந்து வேர்த்த பிறகு நின்றால், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது உயிருக்கே ஆபத்து. நிற்காத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது முதலில் செய்ய வேண்டியது ஈரத் துணியை மாற்றிப் போர்த்திவிட்டு, உடனே மருத்துவ உதவி தேடுவது. குழந்தைகளும் வயதானவர்களும் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு ஒரு அடுக்கு கூடுதலாக வேண்டும்.

ஜீன்ஸும் காட்டன்தான். நனைந்தால் கனக்கும், காய ஒரு நாள் ஆகும். ஊர் சுற்ற ஒன்று போதும். இறகு அடைத்த ஜாக்கெட் எடையில்லாமல் நல்ல சூடு தரும், ஆனால் நனைந்தால் பயனில்லை. செயற்கைப் பஞ்சு வைத்தது ஈரத்திலும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு.

5 நாள் பயணத்துக்கு 2 செட் தெர்மல், 1 ஸ்வெட்டர், 1 ஜெர்கின், 2 பேன்ட், 3 சட்டை போதும். சாக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கம்பளி சாக்ஸ் 3 ஜோடியாவது எடுக்கணும். குல்லா, கையுறை, கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், லிப் பாமும் வேண்டும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால், குளிர்தானே என்று ஏமாந்தால் முகம் கறுத்துத் தோல் உரியும்.

தூங்குவதற்கென ஒரு செட் துணியைத் தனியாக, நனையாமல் பிளாஸ்டிக் கவரில் வைக்க வேண்டும். சின்ன லாட்ஜ்களில் அறைக்குள்ளும் குளிர் இருக்கும், ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு.

விமானத்தில் போகிறவர்கள் கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு, ஜெர்கினைக் கையில் எடுத்துக்கொண்டால் லக்கேஜ் எடை குறையும். பனியில் விளையாடும் கோட்டும் பூட்ஸும் மணாலியிலிருந்து ரோத்தாங் போகும் வழிக் கடைகளிலேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்கத் தேவையில்லை.

டெல்லியிலிருந்து இரவு பஸ்ஸில் மணாலி போகிறவர்கள் ஜெர்கினைப் பெட்டிக்குள் வைத்து டிக்கியில் போட்டுவிடக் கூடாது. ஏறும்போது டெல்லியில் புழுக்கமாக இருக்கும். விடியற்காலையில் பஸ் நிற்கும்போதுதான் அது தேவைப்படும்.