மச்சம் முதல் மனிதன் வரை: 1882ஆம் ஆண்டின் இரு வழிகள்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் செல்பவர் ஒரே நாளில் மூன்று அவதாரங்களை நினைவுகூரலாம். ஆமை உருவில் திருமால் சிவனை வழிபட்ட கச்சபேசுவரர் கோயில், ஆளரி உறையும் வேளுக்கை, குறளனாய் வந்து ஓங்கி நின்றவனின் உலகளந்தார் கோயில். நீரில் தொடங்கி மனிதனில் முடியும் இவ்வரிசை டார்வினின் பரிணாமக் கொள்கையே என்று சொல்லக் கேட்டிருப்போம். இக்கருத்து புராணத்தைப் போல் பழையதன்று.

1877இல் பிளாவட்ஸ்கி அம்மையார் அவதாரங்களை டார்வினோடு ஒப்பிட்டு எழுதினார். 1882 ஜனவரியில் கேசவ சந்திர சென், திரித்துவம் குறித்துக் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், அவதார வரிசையைப் படைப்பின் ஏறுவரிசையாகக் காட்டினார். ஏப்ரல் 19இல் டார்வின் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் பிளாவட்ஸ்கியின் பிரம்மஞான சபை சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது.

அதே 1882இல், அதே சென்னையில், இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' இதழைத் தொடங்கினர். இங்கிலாந்தின் நாத்திகர் பிராட்லாவின் வழியை மதித்த அவர்கள் சாதியையும் சடங்கையும் குழந்தை மணத்தையும் எதிர்த்து எழுதினர். 1888இல் இதழ் நின்றது. மறுஆண்டே, பிராட்லாவின் தோழியாய் நாத்திகம் பேசிவந்த அன்னி பெசன்ட் பிரம்மஞானத்துக்கு மாறினார். 1907இல் அச்சபைக்கே தலைவரானார். அடையாற்றின் குரல் நிலைத்தது. தத்துவவிவேசினி நெடுங்காலம் மறக்கப்பட்டது.

இதனால் நாம் இழந்தது என்ன? அவதார ஒப்புமை பரிணாமத்தை ஓர் ஏணியாக்குகிறது. ஏணியில் மீன் நாம் மிதித்துக் கடந்த படி. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் உள்ள ஒரே வரைபடமோ கிளைவிடும் மரம் போன்றது. அதில் மீனும் மனிதனும் இன்று வாழும் இரு கிளை நுனிகள். பரசுராமன், இராமன், கண்ணன் மூவரும் ஒரே மனித இனம் என்பதையும் ஏணிக்காரர் எண்ணுவதில்லை. ஏணி உயர்வு தாழ்வைக் காப்பாற்றித் தருகிறது. மரம் அதற்கு இடமளிப்பதில்லை. முகத்தில் பிறந்தோர், காலில் பிறந்தோர் என்ற பேச்சும் பொது மூதாதையின் முன் நிற்பதில்லை.

பட்டு நெய்யும் ஊராருக்கு இன்னொன்றும் சொல்லலாம். மனிதன் வளர்த்த பட்டுப்பூச்சி சிறகிருந்தும் பறக்க இயலாததை டார்வின் 1868இல் எழுதினார். அதன் கூட்டை வெந்நீரிலிட்டே நாம் நூலெடுக்கிறோம். பிற உயிர்களிடம் காட்டும் பரிவு, மனிதன் மிகப் பிந்தி எய்திய அறங்களுள் ஒன்று என்று 1871இல் எழுதியவரும் அவரே. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தின் சமணர்க்கு இது புதிய செய்தியன்று.

இயற்கையில் நடப்பதெல்லாம் அறமாகிவிடாது. பரிணாமம் எவருக்கும் கருணையைக் கட்டளையிடுவதில்லை. அந்தப் புழு நமக்கு உறவு என்று மட்டுமே அது சொல்கிறது. அவ்வுறவுக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்னும் கேள்வி, கோயிலுக்குச் செல்பவருக்கும் செல்லாதவருக்கும் பொதுவானது. அவதாரத்தை அறிவியலென்று நிறுவிவிட்டால் அக்கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.